கைலித் துணியில் ஜன்னல் திரை போடலாமா?

பிப்ரவரி 9, காலை (கேள்வி)

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டி முடியப்போகிறது. உள் அலங்காரம் செய்து தருகிறவர் ஹால் முழுக்கச் சாம்பல் நிற லினன் திரை, வெல்வெட் சோபா, படுக்கையறையில் ஒரு சுவருக்கு மட்டும் வால்பேப்பர் என்று படம் போட்டுக் காட்டினார். படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. என் மனைவிக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி, அவள் அம்மா வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது. 'கைலிக் கட்டத்திலேயே திரை போட்டால் என்ன' என்கிறாள். அலங்காரக்காரர் சிரிக்கிறார். கைலி இடுப்பில் கட்டுவது, ஜன்னலில் தொங்கவிடுவது இல்லையாம். யார் சொல்வது சரி?

பிப்ரவரி 9, இரவு

மனைவி சொல்வதுதான் சரி. போடலாம். நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 17 வருடமாகத் திரை, சோபா உறை, மெத்தை உறை தைக்கிறேன். பாதி வேலை கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும். நம் இரண்டு ஊரிலும் எந்தத் துணி நிற்கும், எது நிற்காது என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. பம்பாயிலும் பெங்களூரிலும் எடுத்த படத்தைப் பார்த்து நாம் முடிவு செய்ய முடியாது. ஒரே ஒரு உதாரணம். திரையின் மேல்விளிம்பில் கம்பி நுழைய வளையம் அடிப்பார்கள் இல்லையா, அது மட்டமான இரும்பாக இருந்தால் இரண்டாவது மழைக்காலத்தில் துரு இறங்கி, ஒவ்வொரு வளையத்தைச் சுற்றியும் பழுப்பு வட்டம் விழுந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்த துணியாக இருந்தாலும் அதோடு சரி. நான் இப்போது வளையமே அடிப்பதில்லை, அதே துணியில் பட்டை தைத்து மாட்டிவிடுகிறேன்.

லினன் விஷயத்துக்கு வருகிறேன். அது நல்ல நார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணக் காற்றிலேயே பருத்தி சுமார் 8.5 சதவீதம் ஈரம் பிடிக்கும் என்றால் லினன் 12 சதவீதம் பிடிக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. நவம்பரில் பத்து நாள் வெயில் வராதபோது லினன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், நனைந்த சாக்கு வாடை வரும். பருத்திக்கும் அந்தத் தொல்லை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பருத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி வெயிலில் காயவைத்தால் போய்விடும், வீட்டிலேயே செய்யலாம்.

இன்னொன்று, கடையில் 'லினன்' என்று காட்டுவதில் பெரும்பகுதி லினனே இல்லை, லினன் மாதிரி முடிச்சு முடிச்சாக நெய்த பாலியெஸ்டர். என் அப்பா மில்லில் தறிப் பிரிவில் இருந்தவர், எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: ஓரத்திலிருந்து நான்கு இழையை உருவு, தீக்குச்சியால் கொளுத்து. காகிதம் எரிகிற வாடை வந்து சாம்பல் விரலில் பொடியாக உதிர்ந்தால் பருத்தியோ லினனோ. உருகிச் சுருண்டு கடுகு மாதிரி கெட்டி உருண்டை நின்றால் பாலியெஸ்டர். மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள், தம்பி. கொடுக்க மறுத்தால் அதுவே பதில்.

பிப்ரவரி 10

அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம்.

கைலி என்ன தாழ்ந்த துணியா? நூலுக்கு முதலிலேயே சாயம் ஏற்றி, பாவிலும் (நீளவாட்டு இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) நிறத்தை எண்ணி எண்ணி வைத்து நெய்வது. அதனால் முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. ஜன்னலுக்கு இதைவிட என்ன வேண்டும்? அச்சடித்த துணியில் திரை போட்டால் வீட்டுக்குள் பூ தெரியும், தெருவில் போகிறவருக்கு வெளுத்த முதுகு தெரியும். கைலிக் கட்டத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே முகம்.

நம் கரையிலிருந்து துணி போகாத நாடு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரி நீலம் தோய்த்த 'கினே' துணி கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் வேலம் பிசின் வாங்குவதற்கு அந்தத் துணியையே பணமாகக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு மில்கள் வந்தன. ஆங்கிலோ-பிரெஞ்சு மில் 1898இல் தொடங்கி 2020இல் மூடப்பட்டது. முதலியார்பேட்டைப் பக்கம் சங்குச் சத்தத்தை வைத்து உலை வைத்த வீடுகள் எத்தனை. பணமாகவே செல்லுபடியான துணியைத் தோய்த்து அனுப்பிய ஊரில் ஒரு கட்டம் போட்ட துணியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 13

திருத்தம். 9ஆம் தேதி 'போடலாம்' என்று சொன்னதைப் படித்துவிட்டு ஒருவர் கடையில் ஆறு கைலி வாங்கிவந்து வெட்டிவிட்டாராம். நான்தான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். கட்டுகிற கைலியை அப்படியே போட முடியாது.

கைலி நீளம் சுமார் 2 மீட்டர். ஜன்னலுக்குப் போதும், 7 அடி வாசலுக்குப் போதாது, கீழே மடிப்புக்கும் துணி வேண்டும். அப்புறம் நல்ல கைலி 60ஆம் நம்பர் நூலில் மெல்லியதாக இருக்கும். நம்பர் கூடக்கூட நூல் மெலியும் என்பது உங்கள் மனைவிக்குத் தெரியும். உடம்புக்கு அது சுகம். ஜன்னலில் அது காற்றில் பறந்து கம்பியில் சுற்றிக்கொள்ளும், மேற்கு வெயிலையும் தடுக்காது. திரைக்கு இரண்டு இழை முறுக்கிய 20ஆம் நம்பர் மாதிரி கனமான நூலில், துண்டு துண்டாக அறுக்காமல் ஒரே ஓட்டமாக நெய்து வாங்க வேண்டும். பத்து மீட்டர் மட்டும் நெய்து கொடு என்றும் கேட்க முடியாது. ஒரு பாவு ஓட்டினால் அது முடியும் வரை அதே கட்டம்தான். அக்கம்பக்கம் இரண்டு மூன்று வீடு சேர்ந்து சொன்னால் நெய்கிறவருக்கும் கட்டும், உங்களுக்கும் கட்டும்.

கணக்கு: ஜன்னல் அகலம் 4 அடி என்றால் துணி 8 அடி. இதற்குக் குறைத்தால் மடிப்பு விழாது, போர்வையை ஆணியில் மாட்டின மாதிரி இருக்கும். தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, முறுக்காமல் காயவைக்க வேண்டும். கைத்தறிப் பருத்தி முதல் நனைப்பில் மீட்டருக்கு 5 செ.மீ. வரை இறங்கும். இதைச் செய்யாமல் தைத்துக் கொடுத்து, முதல் சலவைக்குப் பின் திரை தரையிலிருந்து அரைச் சாண் மேலே நின்றதை நான் தொழில் தொடங்கிய வருடத்தில் பார்த்துவிட்டேன். அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இன்றைக்கும் எனக்கு அது மனதில் இருக்கிறது.

பிப்ரவரி 22

சோபா, வால்பேப்பர் பற்றிக் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

வால்பேப்பர் இப்போது வேண்டாம். புதுச் சுவர் ஒரு மழைக்காலமாவது மூச்சு விட வேண்டும். ஈரம் வெளியே வரும்போது மேலே காகிதம் ஒட்டியிருந்தால் பின்னால் பூஞ்சை பிடிக்கும், முன்னால் ஒன்றும் தெரியாது.

வெல்வெட்டை விட, அதற்கு மேல் பூசுகிற 'கறை ஒட்டாத' பூச்சைப் பற்றி விசாரியுங்கள். பல வருடமாக அதற்குப் பயன்படுத்திவந்தது பிஎஃப்ஏஎஸ் என்ற ரசாயனக் குடும்பம். மண்ணிலும் நீரிலும் சேர்ந்தால் லேசில் அழியாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் இது சேர்த்த புதுத் துணிகளை விற்கத் தடை விதித்தது, திரைச்சீலையும் சோபாத் துணியும் அதில் அடக்கம். குழந்தை உருண்டு புரளுகிற சோபாவில் இதெல்லாம் எதற்கு? கழற்றி மாட்டுகிற மாதிரி பருத்தி உறை இரண்டு செட் தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று சோபாவில், ஒன்று கொடியில்.

மார்ச் 8

தம்பி எழுதியிருக்கிறார்: 'அக்கா, டைல்ஸ் போட்டு முடித்துவிட்டோம், ஹாலில் பேசினால் கோயில் மண்டபம் மாதிரி எதிரொலிக்கிறது, திரை போட்டால் சரியாகுமா?'

ஓரளவுக்கு. இப்போது கட்டுகிற எல்லா வீட்டிலும் இதே கதை. பளபள டைல், கண்ணாடி, ஜிப்சம் கூரை என்று எல்லாமே வழுவழுப்பு. சத்தம் போய் உட்கார இடமே இல்லை, திரும்பத் திரும்பச் சுவரில் மோதுகிறது. ஹால் நடுவில் நின்று ஒரு முறை கையைத் தட்டிப் பாருங்கள். 'டப்' என்று செத்தால் நல்ல அறை. 'டப்ங்ங்' என்று இழுத்தால் துணி போதவில்லை.

துணி வடிவமைப்பில் புதிய திசை எது என்று என்னைக் கேட்டால், நிறமோ பூவோ அல்ல, இந்தக் கேள்விதான் என்பேன்: துணி அறையில் என்ன வேலை செய்கிறது? இதுவும் முற்றிலும் புதியது இல்லை. ஜெர்மனியில் பெர்லினுக்குப் பக்கத்தில் பெர்னாவ் என்ற ஊரில் ஒரு தொழிற்சங்கப் பள்ளி கட்டினார்கள். அதன் அரங்கில் எதிரொலி. பவுஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் நெசவு படித்துக்கொண்டிருந்த ஆனி ஆல்பர்ஸ் 1929-30 வாக்கில் அதற்காக ஒரு சுவர்த் துணியை நெய்தார். ஒரு முகம் சத்தத்தைக் குடிக்கும், மறு முகத்தில் செல்லோபேன் சேர்த்து நெய்ததால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஒரே துணிக்கு இரண்டு வேலை. அதைத்தான் இப்போது உலகம் முழுக்க அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மறுபடி செய்கிறார்கள். டென்மார்க்கின் குவாட்ராட் நிறுவனம் 'ரியலி' என்ற பெயரில் பழைய துணிகளை அரைத்து அழுத்திப் பலகையாக்கி விற்கிறது, மேசை செய்யக் கெட்டியாக ஒரு வகை, சுவரில் சத்தம் குறைக்க மெத்தென்று ஒரு வகை.

நம் ஊரில் அதற்கு என்ன வழி? குயவர்பாளையத்தில் வீணை சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சரம்மா கேட்டார்கள், பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து வாசித்தால் காது அடைக்கிறது என்று. பவானி ஜமுக்காளம் இரண்டு வாங்கி எதிரெதிர்ச் சுவரில் மாட்டினேன். அன்று சாயங்காலம் போன் செய்து, 'ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்குது' என்றார்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 9

நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன். ஜமுக்காளத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டக்கூடாது. இரண்டு அங்குலம் ரீப்பர் கட்டை அடித்து, அதன்மேல் மாட்ட வேண்டும். பின்னால் காற்று இருந்தால்தான் கனத்த குரலும் அடங்கும், பூஞ்சையும் பிடிக்காது.

நான் இப்போது செய்கிறது இன்னும் எளிது. தைத்த பிறகு மிஞ்சுகிற பருத்தி வெட்டுத்துண்டைத் தனிச் சாக்கில் சேர்க்கிறேன். பாலியெஸ்டர் கலந்தது வேறு சாக்கு, கலந்துவிட்டால் பிறகு பிரிக்க யாராலும் முடியாது. பருத்தித் துண்டுகளை மரச்சட்டத்துக்குள் இரண்டு அங்குலத்துக்குத் தளர்வாக அடைத்து, மேலே நெசவுத் துணியை இழுத்து அடித்தால் சுவர்ப் பலகை தயார். சுவிட்ச் போர்டு பக்கமும் பூஜை விளக்குப் பக்கமும் மட்டும் வைக்காதீர்கள். தொழில் தொடங்கின நாளிலிருந்து அந்தத் துண்டுகளைக் குப்பையில்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30

நீலத் திரை வேண்டும் என்று தம்பியின் மனைவி கேட்டிருக்கிறாராம், இயற்கைச் சாயத்தில்.

அவுரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டிவனம் பக்கம் இன்றும் பயிர் செய்கிறார்கள். இலையை ஊறவைத்து, அந்த நீரை அடித்துக் கலக்கி, அடியில் படிகிற நீலக் குழம்பை வடித்துக் கட்டியாக்குகிறார்கள். ஆரோவில்லில் 'கலர்ஸ் ஆஃப் நேச்சர்' பட்டறையில் புளிக்கவைத்த தொட்டியில் தோய்ப்பார்கள். முதல் முறை பார்த்தபோது நான் வாயடைத்துப்போனேன். தொட்டிக்குள் நூல் மஞ்சளும் பச்சையுமாக இருக்கிறது, வெளியே தூக்கினால் கண்ணெதிரில் காற்றுப் பட்டுப் பட்டு நீலமாக மாறுகிறது. நுனியிலிருந்து மாறும், உள்முறுக்கு கடைசியில் மாறும். அந்த அரை நிமிடத்தில் ஒரே நூல் சிட்டத்தில் நான்கு நிறம் தெரியும். எத்தனை தடவை முக்குகிறோமோ அத்தனை ஆழம். நம் பாட்டன்மார் தகரை விதையையும் சுண்ணாம்பையும் போட்டுப் புளிக்கவைத்த அதே வேலைதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரு தங்கும் விடுதிக்கு அவுரித் திரை போட்டுக் கொடுத்தேன். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், ஆழ்ந்த நீலத் திரை, அறை அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு மாதத்தில் திரை உரசுகிற இடமெல்லாம் சுவரில் நீலத் தீற்றல். சாயம் மட்டம் என்று முதலில் கோபப்பட்டேன். பிறகு தோய்த்தவரிடம் போய்க் கேட்டால், நிறம் நீரில் வருவது நிற்கும்வரை அலசச் சொன்னேனே, எத்தனை அலசல் அலசினீர்கள் என்றார். நான் அவசரத்தில் ஒரு அலசலோடு தைத்துவிட்டிருந்தேன். நூலுக்குள் போகாமல் மேலே உட்கார்ந்திருக்கிற நீலம் உரசினால் வரத்தான் செய்யும். சுவரைத் திரும்பப் பூசுகிற செலவை நானே கொடுத்தேன். ஐந்து அலசலாவது வேண்டும், கடைசி நீர் தெளிவாக வர வேண்டும்.

ஏப்ரல் 2

'இயற்கைச் சாயம் எல்லாமே ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. சாயத்துக்குச் சாயம் வேறு. மஞ்சள் கிழங்கு நிறம் ஒரு கோடைகூடத் தாங்காது, ஜன்னல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவுரியும், படிகாரம் ஏற்றிப் பிடிக்கவைத்த வேர்ச் சிவப்பும் வருடக்கணக்கில் நிற்கும், வெளுத்தாலும் அசிங்கமாக வெளுக்காது. நம் கரை மணலிலேயே சாயவேர் என்று ஒரு செடி உண்டு. கோரமண்டல் துணிகளின் சிவப்புக்கு உலகமே ஆசைப்பட்டதற்கு அந்த வேர்தான் காரணம். ரசாயனச் சாயமாக இருந்தாலும் ஒளிக்கு எவ்வளவு நிற்கும் என்று 1 முதல் 8 வரை அளவு இருக்கிறது, கேளுங்கள். ஜன்னலுக்கு 5க்குக் கீழே நான் வாங்குவதில்லை.

ஏப்ரல் 19

வெட்டிவேர்த் தட்டி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி மணலில் வெட்டிவேர் விளைகிறது. நம் மண்ணில் விளைகிற பொருள், வாசனை, குளிர்ச்சி, எனவே மேற்கு ஜன்னல் முழுக்கத் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் ஏசியே வேண்டாம் என்கிறார்கள்.

எனக்கும் அந்த ஆசை இருந்தது. போன வருடம் எங்கள் வீட்டிலேயே கட்டினேன், மேலே சொட்டு நீர்க் குழாயும் விட்டேன். வாசனை சொர்க்கம். ஆனால் மத்தியானத்துக்கு மேல் அறை ஆவி பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் எங்கே போய் ஆவியாகும்? வடக்கே வறண்ட ஊர்களில் நடக்கிறது, கடற்கரையில் நடக்காது. இரண்டு வாரத்தில் திண்டு உறையில் கருப்புப் புள்ளி வந்துவிட்டது. அதனால் என் பதில், வேண்டாம்.

மே 17

முந்தைய பதிலை மாற்றிக்கொள்கிறேன். வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொன்னது தப்பு.

நொச்சிக்காட்டிலிருந்து வேர் கொண்டுவந்து கொடுக்கிற பெரியவர் வந்திருந்தார். இதைச் சொன்னேன். 'மேல்காத்து அடிக்கும்போது நனை, கடல்காத்து திரும்பினதும் நனைக்காதே, தட்டியைச் சுருட்டி மேலே கட்டிடு' என்றார். அவ்வளவுதான் விஷயம். அக்னி நட்சத்திர நாட்களில் காலையிலிருந்து மேற்கே இருந்து அடிக்கிற மேல்காற்று நெருப்பு மாதிரி வறண்டு வரும். அப்போது நனைந்த வேர் நன்றாகக் குளிரும். கடல்காற்று ஏறிய பிறகு அதற்கு வேலை இல்லை. மூன்று நாளாக அப்படிச் செய்து பார்க்கிறேன். இன்று காலை பதினொரு மணிக்குத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காஜா எடுத்தேன், பக்கத்து அறைக்குப் போனபோது வித்தியாசம் முகத்தில் அடித்தது. கடல்காற்று ஒன்றரை மணிக்குத் திரும்பியது, சுருட்டிவிட்டேன். நான் சொட்டு நீரைத் திறந்துவிட்டு ராத்திரி வரை நனையவிட்டதுதான் பிழை. வேரின் மேல் பழி போட்டுவிட்டேன்.

ஆகவே தம்பி, மேற்கு ஜன்னலுக்கு மட்டும், சுருட்டுகிற மாதிரி கயிறு வைத்து, ஒரே ஒரு தட்டி. வீட்டில் பகலில் ஆள் இருந்தால் மட்டும்.

ஜூன் 5

'நல்ல வீட்டுக்குத் திரையே வேண்டியதில்லை' என்று ஒரு கட்டடக்கலை மாணவர் எழுதியிருக்கிறார். திரை தைத்துப் பிழைக்கிற நானே ஒத்துக்கொள்கிறேன், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பாருங்கள். அன்டோனின் ரேமண்ட் வரைந்து, ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும் இங்கே தங்கி நின்று கட்டியது. 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் முடிந்தது. ஜன்னலில் கண்ணாடியே கிடையாது. வடக்கும் தெற்கும் பார்த்த நீள முகம் முழுக்கத் திருப்புகிற கிடைத்தகடுகள். அறைக்குத் தேக்கில் நகர்த்துகிற கதவு. அதில் சட்டங்களை முன்னும் பின்னுமாக மாற்றி வைத்திருப்பதால் காற்று நுழையும், பார்வை நுழையாது. துணி செய்ய வேண்டிய வேலையை மரமும் தகடும் செய்கின்றன. பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் கைப்பிடியும் கீலும் வார்த்தார்களாம். நகாஷிமா பிறகு அமெரிக்காவில் மரச்சாமான் செய்து பேர் வாங்கினார்.

ஆனால் நமக்கு வாய்த்தது கோல்கொண்டா இல்லை, பக்கத்து வீட்டுச் சமையலறை தெரிகிற நாலுக்கு நாலு ஜன்னல். அதற்கு அந்தக் கதவின் யோசனையைத் துணியில் செய்யலாம். ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பி, நான்கு அங்குல இடைவெளி, முன்னால் ஒரு துணி பின்னால் ஒரு துணி, ஒன்றின் இடைவெளியை இன்னொன்று மறைக்கிற மாதிரி. லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் இப்படிப் போட்டேன், அவர்கள் இப்போது ஜன்னலைச் சாத்துவதே இல்லை.

ஜூன் 14

கோரைப்பாயைக் கட்டில் தலைமாட்டில் அடிக்கலாமா: அடிக்கலாம், மார்ச் 9இல் சொன்ன ரீப்பர் கட்டை மேல். மழைக்காலத்துக்கு முன் கழற்றி வெயில் காட்டுங்கள். பத்தமடைப் பட்டுப்பாயை ஆணி அடித்து வீணாக்காதீர்கள், மனம் கேட்காது.

ஜூன் 28

தம்பி, மனைவி, இன்னும் இரண்டு வீட்டார் சேர்ந்து பாவுக்குச் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நானும் குறிஞ்சிப்பாடி போனேன். எழுத நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு பழைய வருத்தம். நான்கு வருடம் முன்பு ஒரு உள் அலங்கார நிறுவனம் என் மூலமாக ஒரு நெசவாளியிடம் 80 மீட்டர் நெய்யச் சொன்னது. பாதியில் நூல் தீர்ந்து இரண்டாம் முறை சாயம் போட்டதில் பச்சை ஒரு அணு மாறிவிட்டது. வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் துணி ஒரு வருடம் அவர் வீட்டுப் பரணில் கிடந்தது. அப்புறம் நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக உறை தைத்து விற்றுக் கொடுத்தேன். இரண்டு சாயத்தையும் ஒரே அறையில் போடாமல் அறைக்கு ஒன்றாகப் போட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இதற்குத்தான் அந்த மூன்று வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டேன், முழு நூலுக்கும் ஒரே தடவையில் சாயம், பாதிப் பணம் முன்பணம்.

1985ஆம் வருடச் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியிருக்கிறது. லுங்கியும் ஜமுக்காளமும் அதில் உண்டு. காகிதத்தில் இருக்கிற அந்தப் பாதுகாப்பு, ஆர்டர் கொடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களிடமிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை.

சரி, குறிஞ்சிப்பாடி. தம்பியின் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்கள். படம் எதுவும் கிடையாது. வெறும் எண்ணிக்கை: நீலம் 24, வெள்ளை 2, நீலம் 4, வெள்ளை 2, பழுப்பு 12. அதுதான் கட்டம். நான் சொன்னேன், 'அம்மா, திரை மடிப்பு மடிப்பாக விழும், அகலத்தில் பாதி மடிப்புக்குள் மறைந்துவிடும், சதுரக் கட்டம் நெய்தால் தொங்கும்போது ஒல்லியாக, வெறும் கோடாகத் தெரியும்.' அவர்கள் ஒன்றும் பேசவில்லை. மடியில் கிடந்த துண்டை எடுத்து விரலால் மடிப்புப் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். பிறகு தாளில் பாவுக்கான எண்களை மட்டும் அடித்துவிட்டு இரட்டிப்பாக்கினார்கள், 24ஐ 48 என்று. ஊடைக்கு எழுதியதைத் தொடவில்லை. 'தரையில் விரிச்சா செவ்வகமா இருக்கும், தொங்கவிட்டா சதுரமா வரும்' என்றார்கள். வெள்ளை 2ஐயும் இரட்டிக்கவா என்று மகள் கேட்டதற்கு, 'வேண்டாம், அது கண் மாதிரி, சின்னதா இருந்தாத்தான் பார்க்கும்' என்றார்கள்.

17 வருடமாகத் திரை தைக்கிறேன். மடிப்புக்காகக் கட்டத்தை மாற்றி நெய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, குறை மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. இரண்டு நிமிடத்தில் அதைத் தீர்த்தவருக்கு வடிவமைப்பாளர் என்ற பெயர் இல்லை, கூலி மீட்டர் கணக்கில்தான். இந்தத் தடவை கட்டத்துக்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்று மூன்று வீட்டாரிடமும் கேட்டேன். ஒருவர் யோசித்தார், பிறகு சரி என்றார்.

ஜூலை 19

துணி வந்துவிட்டது. நேற்று ராத்திரி ஊறப்போட்டு இன்று மாடியில் காய்ந்தது. மீட்டருக்கு 4 செ.மீ. இறங்கியிருக்கிறது. அவுரி நீர் ஆறாவது அலசலில்தான் தெளிந்தது.

ஒரு துண்டை மடிப்புப் பிடித்து என் ஜன்னலில் சும்மா மாட்டிப் பார்த்தேன். அந்த அம்மா சொன்ன மாதிரியே கட்டம் சதுரமாக நிற்கிறது. வெள்ளை இழை இரண்டும் மெல்லியதாக நடுவில் ஓடுகிறது, சாயங்கால வெளிச்சம் அது வழியாக மட்டும் உள்ளே வருகிறது.

தம்பி, வியாழக்கிழமை மஞ்சக்குப்பம் வருகிறேன். கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு அரை அடி மேலே அடித்து வையுங்கள், துருப்பிடிக்காத எஃகு. உங்கள் மாமியாரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள், தொங்கவிடும்போது அவர்கள் இருக்க வேண்டும்.